தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கு, மீன் ஏன் சாகுது? - வீட்டு அக்வாபோனிக்ஸின் முதல் 6 வாரங்கள்

மொட்டை மாடியில் 500 லிட்டர் தொட்டி. அதன் மேல் ஜல்லி நிரப்பிய செடிப் படுகை. தண்ணீரை மேலே ஏற்ற ஒரு சின்ன மோட்டார். சனிக்கிழமை எல்லாவற்றையும் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமை 20 மீன் குஞ்சுகளை விட்டு, கீரை நாற்றும் நட்டாகிவிடுகிறது. 'மீன் கழிவு செடிக்கு உரம், செடி தண்ணியைச் சுத்தம் பண்ணிடும், தானா ஓடும்' என்பதுதான் பலரும் கேட்டு வைத்திருக்கும் விளக்கம். ஆனால் வியாழக்கிழமை மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெள்ளிக்கிழமை நான்கைந்து மீன்கள் மிதக்கின்றன. தண்ணீரோ அடிவரை தெளிவாகத் தெரிகிறது.

புதிதாக அக்வாபோனிக்ஸ் தொடங்கும் வீடுகளில் இப்படித்தான் முதல் மீன்கள் போகின்றன. மீனும் செடியும் சேர்ந்தால் மட்டும் இந்த அமைப்பு ஓடாது. இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆள் ஒன்று வேண்டும். அது வந்து சேர 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன்பே மீனை விட்டால், கழிவைத் தின்ன ஆளில்லாத தொட்டியில் மீனைப் பூட்டி வைப்பது போலத்தான்.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

மீன் உண்ணும் தீவனத்தில் புரதம் இருக்கிறது. அது செரித்து முடிந்ததும் மிஞ்சும் நைட்ரஜனின் பெரும்பகுதியை மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம்.

இங்கேதான் பாக்டீரியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு விஷமே. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனுக்குப் பெரிய தொந்தரவு தராது, செடிக்கோ அது நல்ல உரம். ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்ஜி வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்ய முடியும் என்பது 2015-ல்தான் தெரியவந்தது.

இந்த பாக்டீரியாக்கள் ஜல்லியின் மேலும், தொட்டிச் சுவரிலும், குழாயின் உட்புறத்திலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்பவை. வளர்ச்சியோ மிக மெதுவானது. பால் கெட்டுப்போகக் காரணமான பாக்டீரியாக்கள் சில பத்து நிமிடங்களில் இரட்டிப்பாகும் என்றால், இவை இரட்டிப்பாகப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். புது ஜல்லி, புதுத் தொட்டி என்றால் அங்கே இவை அநேகமாக இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 32 சதவீதம் புரதம் உள்ள தீவனம் 100 கிராம் போட்டால், சுமார் 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். நாளுக்கு 10 கிராம் போட்டால் 0.3 கிராம். 500 லிட்டரில் இது லிட்டருக்கு 0.6 மி.கி. ஐந்தே நாளில் 3 மி.கி. ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை விட்ட மீன் வெள்ளிக்கிழமை மிதப்பதற்கான கணக்கு இதுதான்.

தெளிவும் டி.டி.எஸ். மீட்டரும் எதையும் சொல்லாது

அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. இந்த அளவுகளில் மூக்குக்கும் தெரியாது. பல வீடுகளில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். அதில் எது விஷம், எது உரம் என்று அதற்குத் தெரியாது. ஆகவே மீன் வாங்கும் முன் வாங்க வேண்டிய பொருள் ஒரு சோதனைக் கிட். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்துச் சொல்லும் கிட், சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. முடிந்தால் கார்பனேட் கடினத்தன்மையை அளக்கும் கிட்டும் சேர்த்து வாங்கலாம். அது ஏன் என்று பிறகு பார்ப்போம்.

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2014-ல் வெளியிட்ட சிறிய அளவு அக்வாபோனிக்ஸ் வழிகாட்டி தரும் இலக்குகள் இவை:

• அம்மோனியா: லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே
• நைட்ரைட்: லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே
• நைட்ரேட்: லிட்டருக்கு 5 முதல் 150 மி.கி.
• கரைந்த ஆக்சிஜன்: லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல்
• பி.எச்.: 6 முதல் 7
• வெப்பநிலை: 18 முதல் 30 டிகிரி செல்சியஸ்

நன்றாக ஓடும் அமைப்பில் முதல் இரண்டும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

குழாயில் வரும் குடிநீர்: கிருமி நீக்கத்துக்காகக் குளோரின் கலந்திருக்கும். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. நமக்குப் பாதுகாப்பு தரும் இதே குளோரின் மீனின் செவுளைப் பாதிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். திறந்த டிரம்மில் பிடித்து, காற்று மோட்டார் போட்டு, ஒன்றிரண்டு நாள் விட்டால் குளோரின் வெளியேறிவிடும். அவசரம் என்றால் மீன் கடைகளில் 'ஆன்ட்டி குளோரின்' என்ற பெயரில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் உதவும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும் நாளில் தொட்டிக்குத் தண்ணீர் திறக்கவே கூடாது.

போர் தண்ணீர்: குளோரின் இருக்காது. ஆனால் பல இடங்களில் கடினமானது, பி.எச். 8-ஐ ஒட்டி நிற்பது. பூமிக்கு அடியிலிருந்து வந்தவுடன் அளந்தால் பி.எச். குறைவாகத் தெரியலாம். ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்து, கார்பன் டைஆக்சைடு வெளியேறிய பிறகு அளப்பதுதான் சரியான அளவு.

ஆர்.ஓ. தண்ணீர்: 'சுத்தமானதுதானே' என்று இதை மட்டும் ஊற்றுவது தவறு. பி.எச். சட்டென்று சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டுகள் இதில் அநேகமாக இருக்காது.

மழைத் தண்ணீர்: கடினமான போர் தண்ணீருக்கு நல்ல ஜோடி. முதல் மழையில் கூரை கழுவப்படும் தண்ணீரை விட்டுவிட்டு, அடுத்து வருவதைச் சேமித்து, போர் தண்ணீரோடு கலந்தால் கடினத்தன்மை இறங்கும்.

ஜல்லியையும் சோதிக்க வேண்டும். ஒரு பிடி ஜல்லியில் வினிகர் ஊற்றினால் நுரைத்துக் குமிழி வருகிறதா? அப்படியென்றால் அது சுண்ணாம்புக்கல். பி.எச்.-ஐ மேலேயே இழுத்துப் பிடிக்கும். கருங்கல் ஜல்லியில் இந்தப் பிரச்சினை இல்லை.

மீன் இல்லாமல் தொடங்குவது எப்படி?

பாக்டீரியாவுக்கு வேண்டியது அம்மோனியாதான், மீன் இல்லை. அதனால் மீனை விடாமலே அம்மோனியாவைக் கொடுத்து பாக்டீரியாவை வளர்க்கலாம். மோட்டாரும் காற்றும் இரவு பகலாக ஓட வேண்டும்.

அம்மோனியாவுக்கு எளிய வழி அம்மோனியம் குளோரைடு. நம்மூரில் நவச்சாரம் என்று சொல்வது இதைத்தான். ஆனால் கடைச் சரக்கில் வேறு கலப்பு இருக்கலாம் என்பதால், ஆய்வகத் தரத்தில் கிடைப்பதை வாங்குவது நல்லது. 500 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் அம்மோனியா அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 2 மி.கி. வரும். வாசனை சேர்த்த தரை துடைக்கும் திரவங்கள் கூடவே கூடாது.

பிறகு நடப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

• முதல் வாரம்: அம்மோனியா போட்ட அளவிலேயே நிற்கும். எதுவும் நடக்காதது போலத் தோன்றும்.
• 2-வது, 3-வது வாரம்: அம்மோனியா குறையத் தொடங்கும். நைட்ரைட் எகிறும். குறையும் அம்மோனியாவை ஈடுகட்டி மீண்டும் கொஞ்சம் நவச்சாரம் போட வேண்டும்.
• 4-வது வாரம் முதல்: நைட்ரைட் இறங்கும். நைட்ரேட் ஏறும். கீரை நாற்று நட இது நல்ல நேரம்.

எப்போது முடிந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு பரீட்சை இருக்கிறது. 2 மி.கி. அளவுக்கு அம்மோனியா போட்டு, 24 மணி நேரம் கழித்து அளந்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். காட்டினால் தொட்டி தயார். காட்டவில்லையா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கணும். காலண்டர் சொல்வதைவிட கிட் சொல்வதுதான் கணக்கு.

சீக்கிரம் வேண்டும் என்றால், ஏற்கெனவே நன்றாக ஓடும் நோயில்லாத மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒன்றையோ, ஊறிய ஜல்லி ஒரு வாளியையோ வாங்கிப் போடலாம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். நம்மூர் வெப்பமும் கைகொடுக்கும். 17 முதல் 34 டிகிரி வரை இந்த பாக்டீரியாக்கள் நன்றாக வேலை செய்பவை.

பி.எச். ஏன் இவ்வளவு முக்கியம்?

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அவ்வளவாகத் தீங்கில்லாதது. இன்னொன்று தனி அம்மோனியா, கடும் விஷம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை பி.எச்.-உம் வெப்பமும். கிட் இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும்.

30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால், மொத்த அம்மோனியாவில் விஷ வடிவம் 1 சதவீதத்துக்கும் கீழே. பி.எச். 8 என்றால் சுமார் 7.5 சதவீதம். 8.5 என்றால் சுமார் 20 சதவீதம். விஷ வடிவம் லிட்டருக்கு 0.05 மி.கி.யைத் தாண்டினாலே பல மீன்களின் செவுள்கள் பாதிக்கப்படத் தொடங்கும். கிட் 1 மி.கி. காட்டும்போது, பி.எச். 7-ல் பதற்றமில்லை. அதே 1 மி.கி. பி.எச். 8 தண்ணீரில் ஆபத்து.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பி.எச். 6-க்கு இறங்கிய பழைய தொட்டியில் அம்மோனியம் சேர்ந்து கிடக்கலாம், மீன் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பதறி, பி.எச். 8 உள்ள போர் தண்ணீரை ஒரேயடியாகப் பாதித் தொட்டி ஊற்றினால், அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும். காப்பாற்றச் செய்த வேலையே வினையாகும். இப்படிப்பட்ட தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் மாற்ற வேண்டும்.

தொட்டி ஓட ஓட பி.எச். இறங்குவது இயல்பு. பாக்டீரியா ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போதும், கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 கிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. நாளுக்கு 20 கிராம் தீவனம் போடும் 500 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 8 மி.கி.க்கு மேல். கார்பனேட் கடினத்தன்மை 120 மி.கி. உள்ள தண்ணீர் என்றால் இரண்டு வாரம் தாங்கும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் என்றால் இரண்டு மூன்று நாளில் பி.எச். சரியும். செடிகளும் அவ்வப்போது ஊற்றும் புதுத் தண்ணீரும் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆனால் பி.எச். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவே சோர்ந்துவிடும், அம்மோனியா திரும்பவும் ஏறும்.

இதற்கு மலிவான மருந்து கிளிஞ்சல். நன்றாகக் கழுவிய கிளிஞ்சலை வலைப் பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டால், தண்ணீர் அமிலமாகும்போது மெதுவாகக் கரைந்து தாங்கிப் பிடிக்கும். பி.எச். அதிகமாக இருக்கிறதே என்று எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ தொட்டியில் பிழியக் கூடாது. அது பாக்டீரியாவைப் பாதிக்கும். கடினமான தண்ணீரில் பி.எச். சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பியும் விடும். மீனுக்குக் கெட்ட பி.எச்.-ஐவிட ஆடிக்கொண்டே இருக்கும் பி.எச். அதிகத் தொல்லை.

மீன் விடும் நாள்

500 லிட்டருக்கு மொத்தம் 1 கிலோ எடையைத் தாண்டாமல் தொடங்குவது பாதுகாப்பு. மீன் எடையில் 2 சதவீதம் என்று வைத்தால் நாளுக்கு 20 கிராம் தீவனம். அதற்குக் கீரைப் படுகை அரை சதுர மீட்டர் இருந்தாலே போதும். முதல் வாரம் அதிலும் பாதித் தீவனம்தான். சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவு போட வேண்டும், மிஞ்சினால் வலையால் அள்ளிவிட வேண்டும். பாசத்தால் ஒரு பிடி கூடுதலாகப் போடுவதுதான் புதுத் தொட்டியில் அடிக்கடி நடக்கும் தவறு.

கடையிலிருந்து வந்த பையை அப்படியே கவிழ்க்காமல், தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். திலேப்பியா வளர்க்க நினைப்பவர்கள் மீன்வளத் துறையின் அனுமதி பெற வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது.

வெயில், மழை, கரன்ட் கட்

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு அதிகபட்சம் 8.3 மி.கி. கரையும். 35 டிகிரியில் 7 மி.கி.தான். அதே சூட்டில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை கூடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற பாக்டீரியா மட்டும் நாலரை கிராம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தொட்டிக்கு நிழல்வலை ஆடம்பரமில்லை. தொட்டியை வெளிச்சம் புகாமல் மூடி வைத்தால் பாசியும் பிடிக்காது.

கரன்ட் போனால் முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன். இன்வெர்ட்டரில் இணைத்த சின்ன காற்று மோட்டார், இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ஒன்று, கையில் இருந்தே ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் கார்பனேட்டுகள் நீர்த்துப்போகும். மழைக்கு அடுத்த நாள் பி.எச். பார்ப்பது நல்லது.

ஆபத்து என்றால் என்ன செய்வது?

மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது என்றால் முதலில் காற்றைக் கூட்ட வேண்டும், தீவனத்தை நிறுத்த வேண்டும், உடனே சோதிக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். ஓரிரு நாள் பட்டினியால் மீன் சாகாது.

அம்மோனியா 1 மி.கி.க்கு மேல்: குளோரின் நீக்கிய, ஏறக்குறைய அதே பி.எச்., அதே வெப்பம் உள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றலாம். அடுத்த நாள் மீண்டும் சோதிக்க வேண்டும்.

நைட்ரைட் 1 மி.கி.க்கு மேல்: நைட்ரைட் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். செவுள் பழுப்பு நிறமாகும். காற்று போதுமான அளவு இருந்தும் மூச்சுத் திணறும். தண்ணீர் மாற்றுவதோடு, அயோடின் சேர்க்காத கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம் கரைத்து ஊற்றினால், உப்பின் குளோரைடு நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். அடிக்கடி செய்தால் செடிக்கு ஆகாது.

செய்யவே கூடாதவை சில. ஜல்லியைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுவது, ஆன்ட்டிபயாடிக் போடுவது, செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது. மூன்றுமே மாதக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியாவையோ மீனையோ ஒரே நாளில் தீர்த்துவிடும். வேப்பெண்ணெய்க் கரைசலும் தண்ணீரில் வடிந்தால் மீனுக்கு ஆபத்துதான்.

மீன் நலம், கீரை மட்டும் மஞ்சள்?

புதுத் துளிர்கள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்பு இருக்காது. பி.எச். அதிகமானால் இருப்பதையும் செடியால் எடுக்க முடியாது. உரக் கடைகளில் கிடைக்கும் கீலேட் வடிவ இரும்பை, லிட்டருக்கு 2 மி.கி. இரும்பு என்ற அளவில் சேர்த்தால் துளிர் பச்சை திரும்பும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம்?

முதல் 6 வாரம் தினமும் 10 நிமிடம். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் அளந்து, போட்ட தீவனத்தோடு சேர்த்து போனில் ஒரு வரி குறித்து வைத்தால் போதும். தொட்டி நிலைத்த பிறகு வாரம் ஒருமுறை சோதனை, குறைந்த தண்ணீரை நிரப்புதல், அடியில் தங்கிய கசடை உறிஞ்சி எடுத்தல். மீனைக் கூட்டும்போதோ தீவனத்தைக் கூட்டும்போதோ மட்டும் மறுபடி ஒரு வாரம் தினசரி சோதனை. தீவனம் கூடிய அளவுக்கு பாக்டீரியாவும் பெருக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும் தொட்டியைப் பார்த்து 'இன்னும் மீன் வாங்கலையா?' என்று வீட்டில் கேட்பார்கள். அந்த ஒன்றரை மாதமும் தொட்டி சும்மா கிடக்கவில்லை. அங்கே முதல் அறுவடை வளர்ந்துகொண்டிருக்கிறது. அது முடிந்தபின் வாங்கும் மீன்தான் நிலைக்கும்.